நூற்றைம்பது பனியனையும் தொட்டவள்

துளசிமணியின் இடது கை செத்துப்போய் கால் மணி நேரம் ஆகிறது. தோளுக்குக் கீழே கிடப்பது தன்னுடைய கைதானா என்று கண்ணால் பார்த்துத்தான் நம்ப வேண்டியிருந்தது. அதன்மேல் தலையை வைத்து, வாயைக் கொஞ்சம்போலத் திறந்துகொண்டு ஒன்பது மாதப் பாப்பா தூங்குகிறது. நேற்றுத் தொடையில் ஊசி போட்டார்கள், ராத்திரி முழுக்கக் காய்ச்சல், காலையில் அழுகை, மத்தியானமும் அழுகை, இரண்டே முக்காலுக்குத்தான் கண் மூடியது. வலப்பக்கம் லோகு. நைட் ஷிப்ட் நிட்டிங் மிஷின் ஓட்டிவிட்டுக் காலை எட்டரைக்கு வந்த மனிதன், பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு பத்துக்குப் பத்து அறைக்குள் நடையாய் நடந்துவிட்டு, பாப்பா தூங்கின அதே நிமிஷத்தில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி உடம்பைக் கழற்றிப் போட்டுவிட்டான். அவனுக்கு ஒரு பழக்கம், தூங்கும்போது எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கு அவளுடைய நைட்டி. இடுப்புக்குக் கீழே ஒரு கைப்பிடித் துணியைச் சுருட்டிப் பிடித்திருக்கிறான், விட்டால் மிஷின் நின்றுவிடும் என்கிற மாதிரி. ஆக இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தன், நடுவில் இவள், சுவரில் கடிகாரம், மணி மூன்று பத்து. போன் எட்டடி தள்ளி டிவி ஸ்டாண்டின்மேல் சார்ஜில் கிடக்கிறது. நாலு மணிக்கு ஏணிக்காரி போனில் நேரலையாகப் பாடப்போகிறாள். ஒரே ஒரு பாட்டு. இதுவரைக்கும் யாருக்கும் பாடாத பாட்டு, இதற்கப்புறமும் பாடப்போவதில்லை, பதிவு எடுத்தும் வைக்கமாட்டாளாம். இணையத்தில் அவளுடைய பக்கத்தில் அப்படித்தான் போட்டிருந்தாள். சனிக்கிழமை அவள் ஊரில் காலை பதினொன்றரை, நாலரை மணி நேரம் கூட்டினால் இங்கே சாயங்காலம் நாலு. மூன்று தடவை கூட்டிப்பார்த்தாயிற்று. கூட்டல் சரிதான். எட்டடிதான் சரியில்லை.

ஏணிக்காரி என்பது இவள் வைத்த பேர். அந்தக் குழுவின் பேர் ஸ்லோ லேடர், எந்த ஊரோ ஒரு குளிர் ஊர், கடலோரம், மூன்று பேர், அதில் பாடுகிற பெண்ணின் பேர் வாயில் நுழையவில்லை. பனியனில் ஏணி இருந்தது, அதனால் ஏணிக்காரி. சுவர் இல்லாமல் நிற்கிற ஏணி. சாய்ந்துதான் நிற்கிறது, ஆனால் சாய்வதற்கு எதுவும் கிடையாது. கல்யாணத்துக்கு முந்தி துளசி வேலை பார்த்த பிரிண்டிங் பட்டறைக்கு அந்த ஆர்டர் வந்தபோது, மொத்தமே நூற்றைம்பது பீஸ், கறுப்புத் துணியில் வெள்ளை ஏணி. மற்ற ஆர்டரெல்லாம் பத்தாயிரம், இருபதாயிரம் என்று வருகிற இடத்தில் நூற்றைம்பது என்பது கொசுறு. செக்கிங் டேபிளில் அவள்முன் வந்து கொட்டினார்கள். முதல் பீஸை விரித்தாள், ஏணி முழுக்க விரிசல். சரி, பிரிண்ட் வெடித்திருக்கிறது, வேகவைத்த சூடு போதவில்லை என்று சிவப்பு அம்பு ஸ்டிக்கரைக் கிழித்து விரிசலுக்கு நேராக ஒட்டி ரிஜெக்ட் பக்கம் போட்டாள். இரண்டாவதும் விரிசல். மூன்றாவதும். அவள் கை எப்போதும் வேகம், பேச்சும் வேகம், பக்கத்து டேபிள் ஜெசிந்தா அக்காவிடம் கதையளந்துகொண்டே நூற்றைம்பதுக்கும் அம்பு ஒட்டி முடித்துவிட்டாள். சூப்பர்வைசர் கனகராஜ் வந்து தலையில் கையை வைத்துக்கொண்டு, "ஏம்மா, ஒண்ணுகூடத் தேறலியா? பிரிண்டருக்குக் கண்ணு போச்சா, உனக்குக் கண்ணு போச்சா?" என்று கத்த, பிரிண்டர் இறங்கி வந்து கத்த, கடைசியில் ஆபீசிலிருந்து மெர்ச்சண்டைசர் பெண் ஓடிவந்து ஒரு பீஸைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள். "அக்கா, டிசைனே அதுதான். விரிசல் விட்ட மாதிரி வேணும்னுதான் அவங்க கேட்டது." ஜெசிந்தா அக்கா அதற்குப் பிறகு ஒரு வாரம் இவளை எங்கே பார்த்தாலும், "அடியே துளசி, என் மூஞ்சியில ஒரு அம்பு ஒட்டுடி, இதுவும் டிசைன்தானான்னு பாப்போம்" என்பாள். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் நூற்றைம்பது அம்பையும் நகத்தால் சுரண்டி எடுத்தாள். சுரண்டச் சுரண்ட ஒரே நினைப்பு. விரிசல் வேண்டும் என்று கேட்டு வாங்குகிற ஆள் யாராக இருக்கும்? டீ பிரேக்கில் அந்தப் பேரை ஒவ்வொரு எழுத்தாக, பனியனைப் பார்த்துப் பார்த்து, போனில் அடித்தாள்.

பாப்பா மூக்கால் ஒரு மூச்சு விட்டது. துளசி தன் மூச்சை நிறுத்திக்கொண்டாள். இல்லை, ஒன்றுமில்லை, தூங்குகிறது. மூன்று இருபது. ஃபேன் சுற்றுகிறது, ஒரு சுற்றுக்கு ஒரு டக், எண்ணெய் போட வேண்டும் என்று போன மாதமே சொன்னது. டக், டக். அந்த முதல் பாட்டிலும் இப்படித்தான் ஏதோ ஒன்று டக் டக் என்றது. பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முந்தியே சர்ரென்று ஒரு இரைச்சல், நாற்காலி நகர்கிற சத்தம், கிட்டாரில் ஒரு கம்பி சுருதி இறங்கிக் கிடந்தது அவளுக்கே தெரிந்தது, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை பிரேயர் பாடினவள்தானே. நடுவில் யாரோ இருமினார்கள். இருமலைக் கேட்டுப் பாடுகிறவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அடுத்த அடியைப் பாடினாள். துளசியின் கை தானாக அம்பு ஸ்டிக்கரைத் தேடியது. இந்தா, நாற்பதாவது செகண்டில் ஒரு குறை, ஒன்றே கால் நிமிஷத்தில் ஒன்று. இரண்டாவது தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கும்போது அந்த இருமலுக்காகக் காத்திருந்தாள். இருமல் வந்ததும் இவளும் சிரித்தாள். அப்போதுதான் பாட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்ததைப் பார்த்தாள். இதுவரை கேட்டவர்கள் அறுபத்திரண்டு. அறுபத்திரண்டு! அவர்கள் காலனி பஸ்ஸில் அதைவிடக் கூட்டம் ஏறும். அதில் மூன்று இவள். ஜெசிந்தா அக்காவின் காதில் ஒரு பக்க இயர்போனைச் செருகினாள். அக்கா முகத்தைச் சுளித்து, "என்னடி இது, கெணத்துல விழுந்தவ கவுறு கேக்கற மாதிரி இருக்கு" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். கயிறுதான் கேட்கிறாள். ஆனால் கேட்கிறதை என்ன அழகாகக் கேட்கிறாள் என்பதை அக்காவுக்கு எப்படிச் சொல்வது? வார்த்தை இல்லை. வார்த்தை இல்லாததால் அதைத் தனக்கே வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அது ஒரு பித்து மாதிரி ஆயிற்று. சின்ன ஆர்டர் வந்தால் அது ஏதோ பாட்டுக் கோஷ்டி என்று தெரிந்துகொண்டாள், முன்னால் படம், முதுகில் ஊர்ப் பேர்களாக வரிசை, நூறு பீஸ், எண்பது பீஸ். பேரைப் பேனாவால் மணிக்கட்டில் எழுதிக்கொள்வாள். குளியலறைக்குள் டிரம்ஸ் வைத்து அடித்த இரண்டு பேர் இருந்தார்கள், ஒவ்வொரு அடியும் வாளி கவிழ்ந்த மாதிரி விழும். ஒரு கிழவர் தனியாக, மிஷின் ஓடுகிற மாதிரி ஒரே தாளத்தை ஏழு நிமிஷம், கடைசியில் ஒரே ஒரு சொல். வயிற்றுக்குள் இறங்குகிற கிட்டார் ஒன்று, சாயப்பட்டறை பாய்லர் பக்கத்தில் நின்றால் பாதத்தில் ஏறுமே, அதே மாதிரி. ஆயிரம் பேருக்கு மேல் கேட்டிருந்தால் அதை விட்டுவிடுவாள், அதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நூற்றுக்குக் கீழே இருந்தால் அது தன் பொறுப்பு என்று ஒரு எண்ணம், மழையில் நனைகிற ஆட்டுக்குட்டியைப் பார்த்தால் வருமே, அது. அர்த்தம் ஒன்றும் முழுசாகப் புரியாது. ஒரு தடவை ஏணிக்காரியின் பாட்டைப் போனிலேயே தமிழாக்கிப் பார்த்தாள். 'என் கூரை பசியாக இருக்கிறது' என்று வந்தது. விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் வீட்டுக்கு வந்து ஆஸ்பெஸ்டாஸைப் பார்த்துக்கொண்டு படுத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அதுவும் இதே மாதிரிக் கூரைதான். மேலே கிடக்கிறது, அறையில் இருக்கிற காற்றையெல்லாம் தின்றுகொண்டு. எட்டடி உயரம். எட்டடி மேலே கூரை, எட்டடி தள்ளிப் போன், சுற்றிலும் எட்டடியாகவே இருக்கிறது என் பிழைப்பு. மூன்று முப்பத்தொன்று.

லோகுவிடம் சொல்லாமல் இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினாள். அவன் பக்கவாட்டில் சாய்ந்து, மிஷின் சத்தத்தைக் கவனிக்கிற மாதிரி கவனித்துவிட்டு, "ஏம்புள்ள, ரிப்பேருங்களா இது?" என்று கேட்டான். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டான். நல்ல மனிதன். கெட்டவனாக இருந்தால் இப்போது அவன் கையைத் தட்டிவிட்டு எழுந்து போய்விடலாம், அதுதான் தொந்தரவு. போன வாரம் மிஷின் முன்னால் ஒரு நிமிஷம் கண் சொக்கிவிட்டது அவனுக்கு. ஒரு ஊசி உடைந்தது தெரியவில்லை. துணி முழுக்க நெட்டுக்கு ஒரே கோடு, அறுபது கிலோ வீண். "'இன்னொருக்கா ஆச்சுன்னா ஊட்லயே படுத்துத் தூங்கு'ன்னு சொல்லிட்டாங்க புள்ள" என்று சொல்லும்போது அவன் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. அது வேலை போகிற பயம் மட்டுமில்லை. சுற்றுகிற மிஷின் முன்னால் தூக்கம் என்றால் ஊசியோடு போகாது, விரலும் போகும். ராத்திரி எட்டுக்கு மறுபடி ஏறவேண்டும். ஆறு மணி வரைக்குமாவது அவன் தூங்கவேண்டும். பாப்பா அழுதால் அவன் எழுந்துவிடுவான், எழுந்தால் பாப்பாவை வாங்கித் தோளில் போட்டுக்கொள்வான், அதைத் தடுக்க முடியாது. ஆகவே துளசி அசையக்கூடாது. அசையாமல் இருப்பதுதான் இப்போது அவளுக்கு வேலை. நான் ஒரு தலையணை, நான் ஒரு கைப்பிடி. ஒன்பது மாதமாகப் போனுக்கேகூட அவளை மறந்துபோயிற்று. முன்னெல்லாம் திறந்தால், இதைக் கேட்டுப்பார், இதையும் கேட்டுப்பார் என்று பேர் தெரியாத கோஷ்டிகளாகக் கொண்டுவந்து கொட்டும். இப்போது திறந்தால் வாத்துப் பாட்டு, யானைப் பாட்டு, தூங்கவைக்கிற மழைச் சத்தம் பத்து மணி நேரம். போன் நினைத்துவிட்டது, இது ஒரு குழந்தையுடைய போன் என்று. அதன் கணக்கில் துளசிமணி என்று ஒருத்தி இல்லவே இல்லை. அவளைத் தெரிந்த ஆள் என்று உலகத்தில் ஏணிக்காரி ஒருத்திதான் பாக்கி. அவளும் இன்றைக்கு நாலு மணிக்கு இந்த ஒரு பாட்டோடு கடையைக் கட்டுகிறாள்.

தெரியும் என்றால் நிஜமாகவே தெரியும். கர்ப்பமாக இருந்தபோது, ஆறாம் மாதம், வாந்தியெடுத்து ஓய்ந்த ஒரு மத்தியானம், அந்த இருமல் பாட்டுக்கடியில் தைரியமாக இங்கிலீஷில் எழுதினாள். நான் உன் பனியனை செக் செய்தேன், நூற்றைம்பது பீஸ், விரிசல் நல்லா இருக்கு. அனுப்பிய பிறகு வெட்கமாகப் போயிற்று, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். மறுநாள் பதில் இருந்தது. அதை மட்டும் போனில் போட்டுத் தமிழாக்கி, பின்பு ஒவ்வொரு சொல்லாகத் தானே சரிபார்த்து மனப்பாடம் செய்தாள். விற்றது முப்பத்தொன்று, மீதி நூற்றுப்பத்தொன்பது என் அம்மாவின் கார் ஷெட்டில் கிடக்கிறது, ஆகவே நூற்றைம்பதையும் தொட்ட ஆள் உலகத்தில் நீ ஒருத்திதான். நூற்றைம்பதையும் தொட்ட ஆள். பிரசவ வார்டில், வலி வந்து வந்து போகும்போது, நர்ஸம்மா "பேர் என்ன, பேர் என்ன" என்று கேட்டபோது அந்த வரிதான் வாயில் வந்து நின்றது. அப்படிப்பட்டவள் பாடும்போது இவள் இல்லாவிட்டால் எப்படி? சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் இருக்கிற மாதிரி. போன தடவை அவள் நேரலையில் பாடியபோது பார்த்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பதில் ஒன்று குறைந்தால் எட்டு. அவள் கவனிப்பாளா? கவனிப்பாள். ஒன்பது பேர் இருக்கிற பந்தியில் ஒரு இலை காலி என்றால் தெரியாமலா போகும்.

அப்போதுதான் அலாரம் ஞாபகம் வந்தது.  காலையில், மறந்துவிடக்கூடாதே என்று, அடுப்படியிலிருந்தாலும் கேட்கவேண்டுமே என்று, மூன்று ஐம்பத்தைந்துக்கு அலாரம் வைத்திருக்கிறாள். முழுச் சத்தம். டிவி ஸ்டாண்ட் தகரம், அதன்மேல் போன், அது அடித்தால் அதிர்ந்துகொண்டே நகர்ந்து கீழே விழுகிற அளவுக்குக் கத்தும். பாப்பா வீறிடும். லோகு அடித்துப்பிடித்து எழுவான். எந்தப் பாட்டைக் கேட்க வைத்தாளோ அந்தப் பாட்டைக் கேட்கவிடாமல் செய்யப்போவது அதுவேதான். தன் கையாலேயே வைத்த வேட்டு. மூன்று முப்பத்தேழு. பதினெட்டு நிமிஷம். இனிமேல் அசையாமல் இருந்தாலும் தப்பு, அசைந்தாலும் தப்பு. போன் தானாக அணைந்துபோகட்டும் சாமி. அணைந்துபோனால் பாட்டும் போகுமே, வேண்டாம் சாமி, அணைய வேண்டாம். ஜெசிந்தா அக்கா திடீரென்று கதவைத் தட்டாமல் வந்து போனை எடுத்துக் கையில் கொடுத்தால்? அக்கா வந்தால் வாசலிலேயே "அடியே துளசி" என்று கத்திக்கொண்டுதான் வருவாள், அலாரமே தேவலாம். கால் நீட்டினால் எட்டுமா? வலது காலை மெல்ல நீட்டினாள். கட்டைவிரல் காற்றைத் தொட்டது. இன்னும் ஐந்தடி. காலையும் நைட்டி இழுத்தது, லோகு தூக்கத்திலேயே ம்ம் என்றான், பிடியை இறுக்கினான். அவள் காலை மடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தாள். கூரைக்குப் பசி. சரியாக அந்த நேரம் பார்த்து ஃபேனின் டக் மெதுவானது. ட...க். ட......க். நின்றது. கரண்ட் போய்விட்டது.

கரண்ட் போனால் அறையில் ஒரு அமைதி வரும், அது அமைதி இல்லை, எல்லாச் சத்தமும் கிட்டே வருவது. பக்கத்து வீட்டுக் குக்கர். லைன் வீடுகளுக்குப் பொதுவான குழாயடியில் யாரோ குடத்தை இழுக்கிறார்கள். பாப்பாவின் நெற்றியில் வேர்வை அரும்பத் தொடங்கியது, ஊசி போட்ட கால் ஒருமுறை உதறியது. காற்று இல்லாமல் இன்னும் பத்து நிமிஷம்கூடத் தாங்காது. ஆக எப்படியும் விழிக்கத்தான் போகிறது. எப்படியும் என்ற அந்தச் சொல் மனசில் விழுந்ததும் துளசிக்கு வினோதமாக ஒரு தைரியம் வந்தது. செக்கிங்குக்கு வரும் முன்னால் ஆறு மாதம் அவள் பிரிண்டிங் பலகையில் பீஸ் எடுக்கிற வேலை பார்த்திருக்கிறாள். பசை தடவின பலகையில் பனியன் ஒட்டிக்கிடக்கும், மேலே ஈர பிரிண்ட். ஒரு சுருக்கம் விழாமல், ஒரு விரல் படாமல் உருவ வேண்டும். இழுத்தால் கலைந்தது. முதலில் பலகைக்கும் துணிக்கும் நடுவே காற்றை விடவேண்டும், துணி தானாகப் பலகையை விட்ட பிறகுதான் தூக்கவேண்டும். அவள் உதட்டைக் குவித்துப் பாப்பாவின் கழுத்துக்கும் தன் கைக்கும் நடுவில் ஊதினாள். வேர்வையில் ஒட்டியிருந்த தோல் ஓரிடத்தில் விட்டது. பாப்பா அந்தக் காற்றுக்கு உதட்டைச் சப்பியது. இன்னொரு ஊது. தலைமாட்டில் பால் துடைக்கிற பழைய பனியன் கிடந்தது. அதே ஏணிப் பனியன்தான், கூடுதலாக ஓட்டினதில் அக்குளில் எண்ணெய்க்கறை பட்டு நிஜமாகவே ரிஜெக்ட் ஆன ஒன்றை இவள் கேட்டு வாங்கியது. அதைச் சுருட்டித் தன் கை இருக்கிற இடத்துக்கு அருகில் கொண்டுவந்தாள். செத்த கை தன் சொல் கேட்காததால் வலது கையால் அதைப் பிடித்து, வேறு யாருடைய கையையோ நகர்த்துவதைப் போல, நூல் நூலாக வெளியே உருவினாள். மூன்று நாற்பத்தெட்டு. பாப்பாவின் கன்னம் ஏணியின்மேல் இறங்கியது. இடது கை வெளியே வந்தது. உடனே உள்ளே ஆயிரம் எறும்பு ஓடத் தொடங்கியது, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இனி லோகு. விரலைப் பிரித்துப் பார்த்தாள், ஒன்றைப் பிரித்தால் மற்ற மூன்றும் இறுகுகிறது. தூங்கும்போதுகூட நூல் அறுந்துவிடக்கூடாது என்று கவலை இந்த மனிதனுக்கு. மூன்று ஐம்பத்தொன்று. நைட்டியைத் தலைவழியாகக் கழற்றிவிட்டால்? கழற்றிவிட்டு எங்கே போவது, கதவு வெறும் சாத்தித்தான் இருக்கிறது, குழாயடியில் பாதி லைன் நிற்கிறது. அதை நினைத்தே சிரிப்பு பொங்கிவந்தது, உதட்டைக் கடித்து விழுங்கினாள், வயிறு மட்டும் குலுங்கியது. சிரிப்பு அடங்கின இடத்தில் ஒரு பயம் உட்கார்ந்திருந்தது. இப்படியே ஒவ்வொன்றுக்கும், ஒவ்வொரு நாலு மணிக்கும், ஒருத்தர் தூக்கம், ஒருத்தர் பிடி, நடுவில் நான் என்று போனால், ஒருநாள் அலாரம் வைக்கவே தோன்றாமல் போய்விடும். அதுதான் நிஜமான பயம். பாட்டுப் போவது இல்லை, பாட்டுப் போனது தெரியாமல் போவது. அவள் கை தலைக்குமேல் ஜன்னல் திட்டைத் துழாவியது. வீட்டிலேயே குழந்தைச் சட்டைகளுக்குப் பிசிறு வெட்டிக் கொடுக்கிறாளே, அந்த டிரிம்மர் கத்தரி அங்கேதான் இருக்கும், பாப்பாவுக்கு எட்டாமல். எட்டியது. நல்ல நைட்டி, ஆடியில் எடுத்தது, நீலப் பூ. இருக்கட்டும். அவனுடைய முஷ்டிக்கு ஒரு விரல்கடை தள்ளி, தையல் ஓரத்திலிருந்து தொடங்கி, ஊசிக்கோடு விழாத நல்ல துணியை வெட்டுகிற மாதிரி நிதானமாக அரைவட்டமாக வெட்டினாள். க்ரிச், க்ரிச். மூன்று ஐம்பத்துமூன்று. கடைசி இழை விட்டதும் லோகுவின் கை துணியோடு பாயில் மெத்தென்று இறங்கியது. பிடியில் நீலப் பூ இருந்தது. முகம் மாறவில்லை.

எழுந்தாள். எட்டடி என்பது நாலே எட்டு. அலாரத்தின் கழுத்தைத் திருகினபோது மூன்று ஐம்பத்துநாலு. இயர்போன் எங்கே? பாப்பா போன வாரம் கடித்துத் துப்பினது ஞாபகம் வந்தது. சரி, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்து, அரிசி டின்மேல் உட்கார்ந்து, பக்கத்தைத் திறந்தாள். வட்டம் சுற்றியது, சுற்றியது, நாலாகும்போது வந்துவிட்டது. ஒரு அறை, மரக் கட்டில், பின்னால் ஜன்னலில் வெளுத்த வானம். ஏணிக்காரி. கம்பளிச் சட்டை போட்டிருந்தாள், தலைமுடி வாரவில்லை, மூக்கு சிவந்திருந்தது, ஜலதோஷமோ அழுகையோ. கீழே பார்க்கிறவர்கள் எட்டு என்றிருந்தது ஒன்பது என்று மாறியது. அந்த ஒன்பது நான். அவள் எடுத்துவைக்க மாட்டாள், நான் எடுத்துவைப்பேன் என்று ஸ்கிரீன் ரெக்கார்டை அமுக்கினாள், சுற்றுச் சத்தமும் சேர்ந்து பதிவாகும் என்று ஏதோ கேட்டது, சரி சரி என்று எல்லாவற்றுக்கும் சரி கொடுத்தாள். ஏணிக்காரி கிட்டாரை மடியில் வைத்துக் கம்பியைத் தொட்டாள். அதே கம்பி, இன்றைக்கும் சுருதி இறங்கித்தான் இருந்தது. இரண்டு வரி பாடினாள். அந்தக் குரல் கயிறு கேட்கவில்லை இப்போது. கிணற்றுக்குள்ளேயே ஒரு படி இருப்பதைக் கண்டுபிடித்து அதில் உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. மூன்றாவது வரியில் பாப்பா வீறிட்டது.

ஓடினாள். போன் கையில், பாட்டு கையில், இன்னொரு கையால் பாப்பாவை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு லோகுவுக்கும் சுவருக்கும் நடுவில் அப்படியே உட்கார்ந்தாள். பாப்பா அழுகிறது, ஏணிக்காரி பாடுகிறாள், இரண்டும் ஒரே சுருதியில் இல்லை, ஆனால் இரண்டும் விடுவதாக இல்லை. ஷ்ஷ் என்கிறாள் துளசி, அது பாப்பாவுக்கா பாட்டுக்கா என்று தெரியாமல். லோகு கண் திறக்காமல், "என்ன புள்ள... ஆரு பாடறாங்க?" என்றான். "ஒண்ணுமில்லீங்க, நம்ம ஏணிக்காரி. நீங்க தூங்குங்க." "ம்ம்... காச்சலு உட்ருச்சா பாப்பாவுக்கு?" "உட்ருச்சுங்க." "ம்ம்." அவ்வளவுதான், மறுபடி இறங்கிவிட்டான். பால் குடிக்கத் தொடங்கியதும் அழுகை விக்கலானது, விக்கல் சப்பல் ஆனது, அதற்குள் பாட்டு கடைசி அடிக்கு வந்துவிட்டது. அந்த அடி என்ன சொல்லிற்று என்று அவளுக்குத் தெரியாது. அதன்மேலேதான் கரண்ட் வந்தது, ஃபேன் ஒரு டக்கோடு உயிர் பிடித்தது. ஏணிக்காரி பாடி முடித்து, கிட்டாரின்மேல் உள்ளங்கையை வைத்துச் சத்தத்தை நிறுத்தி, கேமராவைப் பார்த்தாள். கீழே பார்க்கிறவர்கள் ஒன்பது எட்டாயிற்று, ஐந்தாயிற்று, மூன்று, இரண்டு. ஒன்று. ஒரு கை திரையை மூட வந்தது, வந்தது அங்கேயே நின்றது, அந்த ஒன்று யார் என்று பார்க்கிற மாதிரி. துளசி எழுத நினைத்தாள், கை இரண்டும் காலி இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு திரை கறுப்பானது.

நாலே கால். பாப்பா மறுபடி தூங்கிற்று, இந்த முறை வலது கையில். ஆகவே இனி சாகப்போவது வலது கை. துளசி பழைய இடத்திலேயே பழையபடி நீட்டிப் படுத்தாள். உயிர் வந்த இடது கையில் போன் இருந்தது. சத்தத்தை ஒரே ஒரு கோட்டுக்குக் குறைத்துக் காதோடு ஒட்டவைத்து ரெக்கார்டை ஓடவிட்டாள். இரண்டு வரிதான் சுத்தம். அப்புறம் அழுகை, அவள் பாதம் ஓடுகிற சத்தம், பக்கத்து வீட்டுக் குக்கரின் விசில் ஒன்று, ஆரு பாடறாங்க, நம்ம ஏணிக்காரி, சப்பல், ஃபேன். எல்லாவற்றுக்கும் அடியில், விடாமல், அந்தப் பெண். உலகத்தில் இந்தப் பாட்டுக்கு இந்த ஒரு பீஸ்தான் இருக்கிறது. மறுபடி முதலிலிருந்து வைத்தாள். கட்டைவிரல் நகம் பழக்கத்தில் அம்பு ஸ்டிக்கரின் ஓரத்தைத் தேடுவதுபோல ஆள்காட்டி விரலைச் சுரண்டியது. மூன்றாவது தடவை ஓடும்போது, ஆரு பாடறாங்க என்கிற இடம் எப்போது வரும் என்று அவள் காத்திருந்தாள். வந்தது. சிரித்துவிட்டாள். அந்தக் குலுக்கலில் லோகுவின் கை நீலப் பூவை நழுவவிட்டுப் பாயில் துழாவியது. பக்கத்தில் நைட்டியின் மீதியைக் கண்டது. ஒரு கைப்பிடி அள்ளிச் சுருட்டி இறுகப் பிடித்துக்கொண்டது.